எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு என்னென்ன உதவித்தொகை, என்னென்ன பரிசு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் கலந்தாய்வு முடிந்த கையோடு ஒரே மாதிரியான கேள்விகள் வந்து குவிகின்றன. தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில். பல் மருத்துவம், சித்தா படிப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

பையனுக்கு சீட் கிடைத்துவிட்டது. உதவித்தொகைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

அலாட்மென்ட் ஆர்டரிலிருந்து. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். அரசுக் கல்லூரியா, சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா என்று முதலில் பாருங்கள். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான் இருக்கும். அங்கே பிரச்சினை விடுதி, சாப்பாடு, புத்தகம். சுயநிதிக் கல்லூரி என்றால் அரசு ஒதுக்கீட்டிலேயே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் போகும். நிர்வாக ஒதுக்கீட்டில் அது பத்து லட்சத்தைத் தாண்டும், பெரும்பாலான அரசு உதவிகளும் அங்கே கிடைக்காது.

பலரும் 'ஸ்காலர்ஷிப்' என்றதும் எங்கோ ஓர் அறக்கட்டளை, ஓர் ஆன்லைன் படிவம் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையில் பெரிய தொகை இருப்பது அரசுத் துறைகளில். அதை முழுசாக வாங்கிவிட்டு, மீதியிருக்கும் இடைவெளிக்கு மட்டும் தனியாரிடம் போனால் அலைச்சல் பாதியாகிவிடும்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் உண்மையிலேயே எதுவும் கட்ட வேண்டாமா?

வேண்டாம். 2020-இல் வந்த சட்டம் இது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் இதில் அடக்கம். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்காது. இந்த ஒரு வரியில் ஏமாந்து போகும் குடும்பங்கள் நிறைய, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் வழி உண்டு.

முதல் ஆண்டுக் கலந்தாய்வில் ஒரு சங்கடம் நடந்தது. இட ஒதுக்கீடு இருந்தது, கட்டணத்துக்கு ஏற்பாடு இல்லை. தனியார் கல்லூரி இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம்தான், 2020 நவம்பரில், இவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.

இந்த ஒதுக்கீட்டில் வந்த பிள்ளையிடம் கல்லூரியில் யாராவது 'இப்போதைக்குக் கட்டுங்கள், அப்புறம் திருப்பித் தருகிறோம்' என்றால், வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்ளாதீர்கள். எதற்காக, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தக் கடிதத்தோடு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்கு எழுதுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு என்ன கிடைக்கும்?

போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கட்டாயமாகக் கட்ட வேண்டிய, திருப்பித் தரப்படாத கட்டணங்கள் இதில் அடங்கும். சுயநிதிக் கல்லூரி என்றால், கட்டண நிர்ணயக் குழு அரசு ஒதுக்கீட்டுக்கு நிர்ணயித்ததுதான் கணக்கு. இதற்கு மேல் பராமரிப்புப் படியும் உண்டு: தொழிற்படிப்பு படிக்கும் எஸ்.சி. மாணவர்களில் விடுதியில் தங்குவோருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போய்வருவோருக்கு 7,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. கிறிஸ்தவத்துக்கு மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கு மாநில அரசு தன் நிதியிலிருந்து தருகிறது.

எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் பங்கு, அதாவது 60 சதவீதம், நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. வந்த பணத்தை மாணவர்தான் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். அவசரத்துக்கு வீட்டில் யாரோ எடுத்துச் செலவழித்துவிட்டு, பிறகு கல்லூரி பாக்கி என்று பரீட்சை ஹால் டிக்கெட்டை நிறுத்திவைக்கும்போது கலங்கி நிற்கும் கதை அடிக்கடி நடக்கிறது. இந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டே வேண்டாம் என்று நான் சொல்வேன். கொஞ்சம் கறாரான யோசனைதான், ஆனால் வேலை செய்கிறது.

பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு?

பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாக இதே போன்ற உதவித்தொகை உண்டு. வருமான வரம்பும் அதே 2.5 லட்சம்தான். தொகை குறைவாக இருக்கும். பணத்தைவிடப் பெரிய உதவி சில ஊர்களில் அரசு விடுதி. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று தனித்தனிப் பெயரில் இருந்த இவையெல்லாம் 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன. கல்லூரி விடுதியில் மெஸ் பில் எகிறும் ஊரில் இதை ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. சலுகை எவ்வளவு?

2010 முதல் இருக்கிறது. சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும், குடும்பத்தில் தாத்தா, பாட்டி, பெற்றோர், அண்ணன், அக்கா என்று யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் வேண்டும். அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் பொறியியல் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது.

தள்ளுபடி ஆவது கல்விக் கட்டணம் மட்டும். அரசு மருத்துவக் கல்லூரியில் அதுவே சிறிய தொகை என்பதால் சேமிப்பும் சிறியதுதான். இருந்தாலும் விடாதீர்கள்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மருத்துவ மாணவர்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். மாதம் 1,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. 7.5 சதவீதத்தில் வந்தவர்களும், வேறு உதவித்தொகை பெறுபவர்களும் இதையும் பெறலாம். மாதம் ஆயிரம் என்ன பெரிய தொகை என்று கேட்பவர்கள், முதலாமாண்டு மாணவி ஒருத்தி ஊருக்குப் போகும் பஸ் கட்டணத்துக்கும் ரெக்கார்ட் நோட்டுக்கும் வீட்டைக் கேட்கத் தயங்குவதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விண்ணப்பித்தாயிற்று, 'அனுமதிக்கப்பட்டது' என்று காட்டுகிறது, பணம் மட்டும் வரவில்லை. ஏன்?

பத்தில் எட்டு முறை காரணம் ஆதார்தான் என்பது என் அனுபவக் கணிப்பு.

பணம் நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்குப் போவதில்லை. உங்கள் ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குப் போகிறது. ஒரு மாணவருக்குப் பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று இருக்கும், கல்லூரியில் சேர்ந்தபோது வளாகத்து வங்கியில் ஒன்று, நடுவில் தபால்காரர் வீட்டுக்கு வந்து கைரேகை வைத்துத் திறந்த அஞ்சல் வங்கிக் கணக்கு ஒன்று. கடைசியாகச் சொன்னதை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். பணம் அங்கே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பார்க்கும் வசதி இருக்கிறது. எந்த வங்கி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் உங்களுக்கு வேண்டிய வங்கிக்குப் போய் 'ஆதார் சீடிங்' படிவம் கொடுங்கள். கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வர அந்தக் கணக்கை ஆதாரோடு இணைக்கும் சீடிங் வேறு. கவுன்டரில் இருப்பவர் 'லிங்க் ஆகியிருக்கு' என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவது காரணம் பெயர். மதிப்பெண் பட்டியலில் 'மு. கவிதா' என்று இருக்கும், ஆதாரில் 'கவிதா முருகேசன்', வங்கியில் வெறும் 'கவிதா'. நம் ஊர் இனிஷியலைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது கடினம். கலந்தாய்வுக்கு முன்பே ஆதாரை மதிப்பெண் பட்டியலில் இருப்பது போல மாற்றிவிடுவது நல்லது. பிறகு செய்தால் எல்லா இடத்திலும் திருத்த வேண்டிவரும்.

எந்தெந்தச் சான்றிதழ்களைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அலாட்மென்ட் ஆர்டர், இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்று, கட்டண ரசீதுகள், ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தீர்கள் என்பதற்கான பள்ளிச் சான்று. இவற்றில் வருமானச் சான்றிதழ்தான் தொல்லை தரும். இ-சேவையில் விண்ணப்பித்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேஜையாகத் தாண்டி வர நாளாகும். கல்லூரி அறிவிப்பு வந்த பிறகு போனால் ஊரே அங்கே வரிசையில் நிற்கும். ஜூன் மாதமே வாங்கிவிடுங்கள்.

மாநில அரசின் உதவித்தொகைகளுக்கு இப்போது 'யூமிஸ்' என்ற கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் உங்கள் விவரம் சரியாக ஏறியிருக்க வேண்டும். அதை ஏற்றுவது கல்லூரி. ஆகவே ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் இருப்பவரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். டீன் அலுவலகத்தில் உங்கள் ஐந்து வருடத்தில் அதிகம் தேவைப்படப் போகிற ஆள் அவர்தான்.

மத்திய அரசு உதவித்தொகைகளில் எதற்கு முயற்சி செய்யலாம்?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கான திட்டம் ஒன்று நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் இருக்கிறது. உங்கள் தேர்வு வாரியத்தில் 80-ஆவது பர்சன்டைலுக்கு மேல், அதாவது 80 சதவீதம் பேரைவிட அதிகமாக எடுத்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேர், அதில் பாதி பெண்களுக்கு. முதல் மூன்று ஆண்டுகளுக்கு 12,000 ரூபாய், தொழிற்படிப்பில் நான்காவது, ஐந்தாவது ஆண்டுகளுக்கு 20,000. ஆண்டுதோறும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவர்களுக்கு இது கிடையாது. ஆகவே 2.5 லட்சத்துக்கு மேல், 4.5 லட்சத்துக்குள் வருமானம் இருந்து, எதிலும் சேராமல் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இது சரியாகப் பொருந்தும்.

முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குப் பிரதமர் பெயரில் ஓர் உதவித்தொகை உண்டு. மாணவிகளுக்கு மாதம் 3,000, மாணவர்களுக்கு 2,500 ரூபாய், படிப்பு முடியும்வரை. மத்திய சைனிக் வாரியம் நடத்துகிறது. முதலாமாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும்; தவறவிட்டால் அடுத்த ஆண்டு கிடையாது.

திருநெல்வேலி, வேலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று: அம்மா பீடி சுற்றுபவராக இருந்து அடையாள அட்டை வைத்திருந்தால், தொழிலாளர் நல அமைச்சகத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி இருக்கிறது. வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்ஸ்பயர் உதவித்தொகை 80,000 ரூபாய் என்று கேள்விப்பட்டேனே?

அது அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு. எம்.பி.பி.எஸ்.க்குக் கிடையாது.

தனியார் அறக்கட்டளைகளில் எதை நம்பலாம்?

அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நேரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும், கல்லூரியில் சேர்ந்த பிறகல்ல. ரிலையன்ஸ் அறக்கட்டளை இளநிலை முதலாமாண்டு மாணவர்கள் 5,000 பேருக்குப் படிப்புக் காலம் முழுமைக்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வருமான வரம்பு 15 லட்சம் என்பதால் நடுத்தரக் குடும்பங்களும் போடலாம், ஆனால் திறனறித் தேர்வு உண்டு. வித்யாதன் பதினோராம் வகுப்பிலேயே பிடித்துக்கொள்ளும் திட்டம்.

இவற்றில் 'உங்களைப் பற்றி எழுதுக' என்று ஒரு பகுதி வரும். 'மக்களுக்குச் சேவை செய்வதே என் லட்சியம்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். படித்துப் படித்துச் சலித்தவர்தான் உங்கள் படிவத்தையும் படிக்கப் போகிறார். அப்பா என்ன வேலை, மாதம் வீட்டுக்கு என்ன வருகிறது, விடுதிக்கு எவ்வளவு, எவ்வளவு குறைகிறது என்று கணக்காக எழுதுங்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டோம். வழியே இல்லையா?

உதவித்தொகை என்ற வகையில் தனியார் அறக்கட்டளைகள்தான். மீதி வங்கிக் கடன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் இடம்பெற்ற குறிப்பிட்ட கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இதுவும் பொருந்தாது, சாதாரணக் கல்விக் கடன்தான். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். இருக்கும் ஒரே வீட்டை வைத்து இந்தப் படிப்பைப் படிக்க வேண்டுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க அரசு உதவி உண்டா?

கிடையாது. எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகையும், தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் முதுநிலை, ஆய்வுப் படிப்புகளுக்கானவை. 'ஜார்ஜியாவில் நூறு சதவீத ஸ்காலர்ஷிப்' என்று விளம்பரம் செய்யும் ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் முதலில் ஏற்றிவைத்த கட்டணத்தில் தரும் தள்ளுபடி.

பணம் போகட்டும். பரிசு, பதக்கம் என்று மருத்துவ மாணவர்களுக்கு என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால் முதலில் சொல்வது ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தை. எஸ்.டி.எஸ். என்றால் எல்லாக் கல்லூரியிலும் தெரியும். 1979 முதல் நடக்கிறது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்கள் ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில் இரண்டு மாத ஆய்வு ஒன்றைச் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழும் 50,000 ரூபாயும். வருமானம், சாதி எதுவும் கேட்பதில்லை.

இதில் தலைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'தமிழ்நாட்டில் சர்க்கரை நோய்' என்று எழுதினால் போகாது. 'எங்கள் மருத்துவமனை நீரிழிவுப் பிரிவுக்கு வருபவர்களில் எத்தனை பேர் இன்சுலின் ஊசியைச் சரியான இடத்தில், சரியாகப் போட்டுக்கொள்கிறார்கள்' என்றால் இரண்டு மாதத்தில் முடியும், கேட்பவருக்கும் புரியும். நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்னொரு தடை. குழு எப்போது கூடுகிறது என்று முன்பே விசாரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆய்வுக் காலம் அதற்காகக் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும். வழிகாட்டி ஆசிரியரையும் சீக்கிரம் பிடியுங்கள். நல்ல பெயர் உள்ளவரைவிட நேரம் உள்ளவர் மேல்.

அப்புறம் பதக்கங்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவில் பாடவாரியாகத் தங்கப் பதக்கங்கள் தருகிறது. 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற பழைய கல்லூரிகளில் பழைய மாணவர்கள் வைத்துவிட்டுப் போன அறக்கட்டளைப் பரிசுகள் இருக்கும். சிலவற்றுக்குத் தனித் தேர்வு எழுத வேண்டும். அறிவிப்பைப் பார்க்காததால் இரண்டு மூன்று பேர் மட்டும் எழுதுவார்கள். போட்டி குறைவு என்பதற்காகவே உட்காரலாம். குழந்தைகள் நல மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் இளநிலை மாணவர்களுக்கு வினாடி வினா நடத்துகிறது, கல்லூரி அளவில் தொடங்கித் தேசிய அளவு வரை.

உதவித்தொகை வாங்குவதைக் கூச்சமாக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பையன்கள் படித்த இடத்தில் சேர்க்கக் கூடாது என்று புதுக்கோட்டையில் எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் கண்டுகொள்ளாமல் சேர்த்துக்கொண்டதோடு உதவித்தொகையும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் சென்னை மருத்துவக் கல்லூரி எல்லாம்.

பயிற்சி மருத்துவராக இருக்கும் ஆண்டிலும், மேற்படிப்பிலும் உதவித்தொகை தொடருமா?

பயிற்சி ஆண்டில் ஊக்கத்தொகை வருகிறது, ஆகவே நான்கரை ஆண்டுப் படிப்போடு கல்வி உதவித்தொகை நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டே வீட்டுக் கணக்கைப் போடுங்கள். முதுநிலைப் படிப்பில், போஸ்ட் மெட்ரிக் விதிப்படி, படிக்கும் காலத்தில் தனியாக மருத்துவம் பார்க்க அனுமதி இல்லாதவர்களுக்கு மட்டுமே உதவித்தொகை.

'கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது' என்று போன் வந்தது. க்யூ.ஆர். கோடு அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு எந்த ஸ்கேனும், எந்த ரகசிய எண்ணும், எந்த முன்பணமும் தேவையில்லை. அப்பா பெயர், படிக்கும் கல்லூரி எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதை வைத்து நம்பிவிடாதீர்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது. பிறகு வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.